முழு மதிப்பெண் வாங்கிய முழங்கால்

1

எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெயரை ஒரு ஜெர்மன்காரர் கொலை செய்வதைக் கேட்டு நான் பூரித்துப்போனேன் என்றால் நம்புவீர்களா? பூரித்துத்தான் போனேன். ஆனால் அந்தப் பூரிப்பு அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரம். அங்கே ஒரு மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. காஞ்சிபுரத்தில் நான் படித்த நர்சிங் படிப்பை இங்கே செல்லுபடியாக்க மூன்று அலுவலகங்களுக்கு நடந்தேன். மூன்றாவது அலுவலகத்தில் முதல் அலுவலகத்தின் கடிதத்தைக் கேட்டார்கள். அதோடு விட்டுவிட்டேன். இப்போது என் வேலை, இடுப்பு மூட்டோ முழங்கால் மூட்டோ மாற்றிக்கொண்டவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிப்பது. படி இறங்கும்போது வலிக்கிறதா, நாற்காலியிலிருந்து எழும்போது எப்படி இருக்கிறது, கடைக்கு நடக்க முடிகிறதா என்று பன்னிரண்டு கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுவேன். ஐந்து என்றால் வலியே இல்லை என்று அர்த்தம்.

புதன்கிழமை மதியம் டாக்டர்கள் கூடிப் புதிதாக வந்த ஆய்வுகளைப் பற்றிப் பேசுவார்கள். நானும் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அன்று ஓர் இளம் டாக்டர் திரையில் ஒரு கட்டுரையைப் போட்டு, "ஷ்ரி... பெரும்... பூடர்" என்று திணறினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரையில் இருந்தது எங்கள் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலை ஓரத்து மருத்துவமனையின் பெயர். அதன் கீழே, என் அண்ணனுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்து, தன் ஆய்விலும் சேர்த்துக்கொண்ட டாக்டரின் பெயர்.

நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்யும் தொழிற்சாலை ஆட்கள் மூட்டு மாற்றிக்கொண்டால் எவ்வளவு சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம் என்பதுதான் கட்டுரை. சீக்கிரமே திரும்பலாம், ஒரு கெடுதலும் இல்லை என்று அது சொன்னது. எந்தெந்த நாட்டுக்காரர்களோ அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். எங்கள் பேராசிரியர் தலையாட்டிவிட்டு, "நம் ஆட்களுக்குக் கொடுக்கும் ஓய்வையும் குறைத்துப் பார்க்கலாமே" என்றார்.

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "இதில் இருக்கும் முழங்கால்களில் ஒன்று என் அண்ணனுடையது, உனக்குத் தெரியுமா?" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். பதற்றம் வந்தால் எனக்கு இந்த மொழியில் மரியாதை விட்டுப்போகும். பேராசிரியரை நீ, உனக்கு என்று பேசிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். வெட்கமாக இருந்தாலும் பெருமை அதைவிடப் பெரியதாக இருந்தது.

அடுத்த பக்கத்தில் அட்டவணை வந்தது. வலி என்ற வரியில் கிட்டத்தட்ட எல்லாரும் ஐந்து. என் பூரிப்பு அங்கேயே இறங்கியது.

2

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கீரைக்கட்டைப் பிரித்து நடுவில் பார்க்காமல் வாங்க மாட்டேன். ஆனால் இந்தச் சந்தேகம் தொழிலால் வந்தது. இத்தனை வருடத்தில் நான் பேசிய ஆட்களில் வலியே இல்லை என்று சொன்னவர்கள் குறைவு. ஒரு பாட்டிக்கு எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் தோட்டத்தில் குனிந்து களை பிடுங்கும்போது சுருக்கென்று ஏதோ செய்கிறதாம். அந்தச் சுருக்கைப் பற்றியே இருபது நிமிடம் பேசினார். மனிதர்கள் அப்படித்தான். அப்படியிருக்க, எட்டு மணி நேரம் லைனில் நிற்கும் எங்கள் ஆட்களுக்கு மட்டும் வலியே இல்லையா?

டாக்டர் புளுகியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். பேர் வேண்டும், வெளிநாட்டு மாநாடு வேண்டும். மூட்டு செய்து விற்கும் கம்பெனி ஏதாவது பின்னால் இருக்கும். இப்படி நானே ஒரு வழக்கை ஜோடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணன் பெயர் கோதண்டம். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பர்மனென்ட் ஆள். வீடு சேரப்பணஞ்சேரியில். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

"இன்னாம்மா ரேவதி, எப்டி கீற?"

"நான் நல்லா இருக்கேண்ணே. உனக்குக் கால் எப்படி இருக்கு?"

"சூப்பரா கீது. எனக்கின்னா?"

"படி இறங்கும்போது வலிக்குதா?"

"இல்ல."

"சேர்ல இருந்து எழும்போது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. கொயந்த இன்னா பண்ணுது?"

குழந்தைக்கு வயது பதினேழு. என் மகள் யாழினியிடம் போனைக் கொடுத்தேன். அவளுக்கு மாமாவிடம் பேச மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. நல்லா இருக்கீங்களா மாமா, சாப்பிட்டீங்களா மாமா, இதோ அம்மாகிட்ட குடுக்கறேன். அவற்றை வரிசையாகச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

மறு வாரம் வீடியோவில் கூப்பிடச் சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ அழைக்க, அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்தவர் உடனே நடக்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். முதல் இரண்டு அடியை மெதுவாக வைத்துவிட்டு அப்புறம் சாதாரணமாக நடந்து போனார்.

உட்கார்ந்து எழுந்ததும் முதல் சில அடி மட்டும் வலித்து, பிறகு அடங்குகிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவில் விதி. பொருத்திய மூட்டு எலும்பை விட்டுத் தளர்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். விட்டுவைத்தால் உள்ளே எலும்பு தேய்ந்துகொண்டே போகும். அப்புறம் மறுபடி அறுக்கப் போனால் பிடித்து நிறுத்த எலும்பு இருக்காது.

3

ஊருக்குப் புறப்படுவது அவ்வளவு லேசில்லை. ஜெர்மனியில் தங்குவதற்கான என் அனுமதி அட்டை காலாவதி ஆகும் நேரம். புதுப்பிக்க மனுக் கொடுத்து நான்கு மாதம் ஆகியும் வெளிநாட்டவர் அலுவலகம் மூச்சு விடவில்லை. நேரில் போனேன். தற்காலிகமாக ஒரு தாள் தருவதாகச் சொன்ன அம்மாள், "பயணத்தின் காரணம்?" என்று கேட்டார். அண்ணன் முழங்கால் என்றேன். "அவர் கடிதம் எழுதியிருக்கிறாரா?" என்றார். அவர் எனக்கு வலியே இல்லை என்றல்லவா சொல்லிக்கொண்டிருக்கிறார், எதைக் காட்டுவது? குடும்ப விஷயம் என்று எழுதிக்கொடுத்தேன்.

யாழினி வரவில்லை. தோழிகளோடு இத்தாலியில் ஒரு ஏரிக்கரைக்குப் போகிறாளாம். "மாமாவுக்குக் கால் சரியில்லடி" என்றேன். "அவர்தான் சரியா இருக்குன்னு சொன்னாரே" என்றாள். அவள் மாமாவை நம்புகிறாள். நம்புவதில் ஒரு வசதி இருக்கிறது, டிக்கெட் போட வேண்டியதில்லை.

4

சொல்லாமல்தான் போனேன். விமான நிலையத்திலிருந்து குன்றத்தூர் வழியாகப் போகலாம் என்றார் ஓட்டுநர். வழியெல்லாம் லாரி. புதிதாக முளைத்த தங்கும் விடுதிகளின் மாடிகளில் சீருடைச் சட்டைகள் வரிசையாகக் காய்ந்தன. கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி, உள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். உளவு பார்க்கத்தான். வேறென்ன சொல்ல?

காலை ஷிப்ட் முடிந்து பஸ் வந்தது. ஆட்கள் தபதபவென்று இறங்கினார்கள். அண்ணன் கடைசியில் வந்தார். ஏணியிலிருந்து இறங்குவதுபோல முகத்தை பஸ்ஸுக்குள் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கினார். தரையில் கால் பட்டதும் அப்படியே நின்றார். கூட வந்த ஒருவர் அவருடைய டிபன் பையை வாங்கிக்கொண்டார். அவரும் நிதானமாகத்தான் நடந்தார்.

நான் கார் கதவைத் திறந்தேன். அண்ணன் முகத்தில் முதலில் வந்தது மகிழ்ச்சி இல்லை. மாட்டிக்கொண்ட முகம் அது.

"நீ எப்ப வந்த? சொல்லவே இல்ல?"

"நீ மட்டும் சொன்னியாண்ணே?"

வீட்டில் அண்ணி சுலோச்சனா என்னைச் சமையலறைக்குள் இழுத்து அலமாரியைத் திறந்து காட்டினார். வலி மாத்திரை அட்டைகள், பாதி காலி. "டெய்லி ரெண்டு போட்டுக்கினுதான் ட்யூட்டிக்குப் போறாரு. ஆறு மாசமா இந்தக் கூத்துதான். நான் சொல்லிட்டேன்னு சொல்லிடாத, தாம்தூம்னு குதிப்பாரு."

"டாக்டர்கிட்ட போகலையா?"

"செக்கப்புக்குப் போனாரே. போற அன்னிக்கு மூணு மாத்திரை போட்டுக்கினு போனாரு. நடந்து காட்டச் சொன்னாங்களாம், ஜம்முனு நடந்து காட்டிட்டு வந்துட்டாரு."

5

மறுநாள் மருத்துவமனைக்கு நான் மட்டும் போனேன். ஆய்வுப் பிரிவு என்று பலகை இருந்த அறையில் ஒரு நர்ஸ் இருந்தாள். பெயர் இசக்கி, தென்காசிப் பக்கம். நானும் இதே வேலைதான் செய்கிறேன் என்றதும் நாற்காலி போட்டாள்.

"எல்லாரும் நல்லாருக்குன்னுதான் மேடம் சொல்லுதாவ. நானும் அதத்தான் எழுதுதேன். ஒருத்தர் கேள்விய முழுசாக் கேக்கவே விட மாட்டாரு. எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுக்கோம்மான்னு வச்சிருவாரு."

"உனக்குச் சந்தேகம் வரலையா?"

"சார் நல்லா ஆபரேஷன் பண்ணுதாருன்னு நெனச்சேன் மேடம்."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேஜையில் இருந்த தொலைபேசி அடித்தது. எடுத்து, "ஹெல்த் செக்கப்பா சார்? உங்க கம்பெனி லிஸ்ட் அனுப்பியாச்சு, நாளைக்கு வண்டி வரும்" என்றாள். எனக்குப் புரியவில்லை. கேட்டேன். சுற்றியிருக்கும் தொழிற்சாலைகளுக்கு வருடாந்திர உடல் பரிசோதனை செய்வது இந்த மருத்துவமனைதானாம். ஆள் வேலைக்குத் தகுதியா இல்லையா என்று சான்று கொடுப்பதும் இவர்கள்தானாம். ஆள் பற்றாக்குறையால் அந்த வேலையும் இசக்கி தலையில். ஒரே மேஜை, ஒரே கம்ப்யூட்டர், ஒரே தொலைபேசி எண்.

சட்டென்று எல்லாம் விளங்கியது. அண்ணன் போனில் வந்தது ஆராய்ச்சி நர்ஸ் இல்லை. அவரைப் பொறுத்தவரை வந்தது கம்பெனி.

டாக்டர் என்னை ஓபி முடிந்ததும் பார்த்தார். நான் கற்பனை செய்திருந்த ஆடம்பரமான ஆள் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதத்தை ஒரு ஸ்டூலில் வைத்திருந்தார். என்னையும் அவர் நம்பவில்லை.

"நீங்க எந்தப் பத்திரிகையிலிருந்து வர்றீங்க? யாராவது அனுப்பினாங்களா?"

"நான் கோதண்டத்தோட தங்கச்சி சார்."

அண்ணனின் ஃபைலை எடுத்துப் பார்த்தார். வரிசையாக ஐந்துகள். நான் பஸ் ஸ்டாப்பில் பார்த்ததையும், மாத்திரைகளையும், தொலைபேசி எண்ணையும் சொன்னேன். மாத்திரை போட்டுக்கொண்டு நடந்து காட்டியதைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் கேட்டேன். அவங்க சொன்னாங்க. சொன்னதை எழுதினேன். ஒரு எண்ணைக்கூட மாத்தலைம்மா."

"அதை நம்பறேன் சார்." உண்மையிலேயே நம்பினேன். வழக்கு ஜோடித்து வந்த எனக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. "ஆனா அவங்க சொன்னது உங்களுக்கு இல்ல. கம்பெனிக்கு. வலிக்குதுன்னு சொன்னா வேலை போயிடும்னு பயம்."

"ஆராய்ச்சி விவரம் கம்பெனிக்குப் போகாது."

"எப்படி சார் தெரியும்? ஒரே பொண்ணு, ஒரே கம்ப்யூட்டர்."

அவர் ஃபைலை மூடி வைத்தார். பிறகு, "இதை நான் எழுதி அனுப்பினா, அந்தக் கட்டுரையை நம்பி எடுத்தாண்ட அத்தனை பேருக்கும் நான் பதில் சொல்லணும்" என்றார். எழுதுவாரா என்று கேட்டேன். "முதல்ல உங்க அண்ணனை நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. எக்ஸ்ரே பாக்கணும்" என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பதை என் மூளை குறித்துக்கொண்டது.

வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஓய்வைக் குறைக்கும் முடிவைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள் என்று காரணத்தோடு எழுதினேன். சாயங்காலமே பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். அண்ணன் குணமடைய வாழ்த்துகள், ஆனால் ஒரு நோயாளி ஆதாரம் ஆகமாட்டார்.

6

அண்ணன் வர மாட்டேன் என்றார்.

"எங்க லைன்ல ஏகாம்பரம்னு ஒர்த்தன் இருந்தான். அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சு, இவன் வெள்ளந்தியா, ஆமாம்மா கொஞ்சம் வலி கீதுன்னு சொல்லிட்டான். ரெண்டே மாசத்துல ஸ்டோர்ஸுக்கு மாத்தினாங்க. அப்பறம் கூப்ட்டு, வி.ஆர்.எஸ். குடுத்துட்டு வூட்டுக்குப் போன்னு சொல்லிட்டாங்க. அன்னிலேர்ந்து மூட்டு மாத்தினவங்க எல்லாம் பஸ்ல பேசி வெச்சிகினோம். போன் வந்தா அஞ்சுன்னு சொல்லு, கட் பண்ணு."

"அவர் போனதுக்கு அந்த போன்தான் காரணமா? வேற காரணம் இருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம். நீ போய் அதுவா இதுவான்னு கேட்டுகினு வா. எனக்கு மூணு வருசம் கீது."

அந்த போன்தான் காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூட்டு தளர்வதைப் பற்றிச் சொன்னேன். காலே மடங்காமல் போகலாம் என்றேன். அவர் மறுநாளுக்கான கம்பெனிச் சட்டையை எடுத்து வைத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கம்பெனிகிட்ட மறைச்ச, சரி. என்கிட்ட ஏண்ணே மறைச்ச? வாராவாரம் கேட்டேனே!"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"அதாம்மா. நீ கேக்கற. சேர்ல எழும்போது வலிக்குதா, படி எறங்கும்போது வலிக்குதா. அந்தப் பொண்ணும் இதையேதான் கேக்குது. அதே மாதிரி, வரிசையா. உன் போன் வந்தாலும் எனக்கு வாய்ல அஞ்சுன்னுதான் வருது."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. என் மூன்று வாக்கியக்காரியை நினைத்துக்கொண்டேன். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவளுக்காவது மூன்றோடு முடிகிறது, எனக்குப் பன்னிரண்டு. அழுதுவிட்டேன். அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, யார் பக்கம் பேசுவதென்று தெரியாமல் நின்றார்.

காபி ஆறிய பிறகு அண்ணன், "நாளைக்கு லீவு சொல்லிட்டு வரேன். ஆனா நீ ஒண்ணும் பேசக்கூடாது" என்றார்.

7

எக்ஸ்ரே எடுத்து முடித்து டாக்டர் அறைக்குப் போனோம். திரையில் அண்ணனின் முழங்கால். உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே, கீழ்ப்பக்கம், மெல்லிதாக ஒரு கறுப்புக் கோடு. மூட்டு தளர்கிறது என்று எனக்குத் தெரிந்தது, டாக்டருக்கும் தெரிந்தது. பெரிதாவதற்குள் வந்துவிட்டோம் என்பது மட்டும் ஆறுதல். இசக்கி கையில் படிவத்தோடு பக்கத்தில் நின்றாள்.

"கோதண்டம், வலி இருக்கா?" என்றார் டாக்டர்.

"இல்ல சார். நல்லா கீது."

கறுப்புக் கோடு அவர் கண்ணெதிரே இருந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. வாக்குக் கொடுத்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டாக்டர் திரையை அணைத்தார். இசக்கியிடமிருந்து படிவத்தை வாங்கி இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "நீ போம்மா" என்று அவளை அனுப்பினார். பிறகு நாற்காலியை இழுத்து அண்ணனுக்கு எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்கும்படி உட்கார்ந்தார்.

"எழுத மாட்டேன். கேக்கறது நான் மட்டும்தான்."

அண்ணன் அவரையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரேவதி, நீயும் கொஞ்ச நேரம் வெளிய இரும்மா."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்தது இந்தக் கதவுக்கு வெளியே நிற்கத்தானா? வராந்தா பெஞ்சில் இரண்டு பேர் கையில் ஓபி சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அன்று பஸ் ஸ்டாப்பில் அண்ணனின் டிபன் பையை வாங்கிக்கொண்டவர். இருவரும் அதே கம்பெனிச் சட்டை. என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு நேராக உட்கார்ந்துகொண்டார்கள்.

உள்ளே அண்ணன் குரல் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. வீட்டில்கூட அவர் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. நடுவில் ஒருமுறை குரல் உடைந்தது. டாக்டர் குறுக்கே பேசவே இல்லை.

கதவு திறந்தது. அண்ணன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். இனி நடையைச் சரிசெய்துகொண்டு வருவார் என்று நினைத்தேன். அவர் செய்யவில்லை. முதல் அடியில் "அம்மா" என்று வாய்விட்டே சொன்னார். எல்லாரும் பார்க்க நொண்டிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தார்.

டிபன் பைக்காரர் பதறி எழுந்தார். "இன்னா கோதண்டம், இன்னா ஆச்சு?"

"வலிக்குதுடா," என்றார் அண்ணன். "ஆறு மாசமா வலிக்குது."

அவர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திறந்திருந்த கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"எனக்குந்தான்டா," என்றார்.